மதினியும் என் ஸ்விட்சும்

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் மாதம். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் லைஃப் சர்டிபிகேட் முகாம். கைரேகை மெஷின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் மதினி வந்தார். எங்கள் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி போய்ப் பத்து வருஷம் ஆகிறது. மதினிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது.

"மதினி, மார்ச்சோட எண்பது முடிஞ்சிட்டே. கூடுதல் பென்ஷன் வருதா?" என்று கேட்டேன்.

"அது நமக்குக் கிடையாதாம்லா தம்பி. பேத்தி நீங்க செஞ்சு வச்சிருக்கதுலதான் போட்டுப் பாத்தா. தகுதி இல்லைன்னு சொல்லிட்டு. கம்ப்யூட்டரே இல்லைங்கும்போது நாம போயி யார்ட்ட கேக்க?"

எனக்குக் கைரேகை மெஷினைத் தொடர்ந்து பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.

மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கும். 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். 85-ல் 30. 90-ல் 40. 95-ல் 50. 100 நிறைந்தவர்களுக்கு 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. 80 நிறைகிற மாதத்தின் முதல் தேதியிலிருந்து கணக்கு. ஆனால் குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு சிக்கல். பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. அப்படிப்பட்டவர்கள் வயதுக்கு ஆதாரம் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவருக்கு அது பாட்டுக்கு வந்து சேராது.

மதினி எட்டு மாதம் கேட்கவில்லை. நான் எழுதிய புரோகிராம் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்தத் தவறு என்ன, எப்படி வந்தது, அதிலிருந்து எனக்கு என்ன அபிப்பிராயம் உண்டானது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் விஷயம் என்று தாண்டிப் போய்விட வேண்டாம். நம்மில் பலரும் நாற்பது வருஷம் ஆபீசில் செய்த வேலைதான் இது.

ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோகாமல் ஜாவாஸ்கிரிப்ட் படித்தேன். இணையப் பக்கங்களை இயங்க வைக்கிற மொழி அது. 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்து நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். என் தங்கை மகன் சென்னையில் அந்த வேலையில்தான் இருக்கிறான். "மாமா, குறுக்கெழுத்து போடுறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று அவன்தான் ஆரம்பித்து வைத்தான்.

அந்த மொழியில் ஸ்விட்ச் என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரு மதிப்பைக் கொடுத்தால் அது ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கும். கதவுக்குப் பெயர் கேஸ். பொருந்துகிற கதவு கிடைத்ததும் உள்ளே போய் அங்கே எழுதியிருக்கிற வேலையைச் செய்யும். வேலை முடிந்ததும் வெளியே வர பிரேக் என்று ஒரு சொல் வைக்க வேண்டும். எந்தக் கதவும் பொருந்தாவிட்டால் கடைசியில் டிஃபால்ட் என்று ஒரு வாசல் உண்டு. அங்கே எழுதியிருப்பதைச் செய்யும். அவ்வளவுதான்.

எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பெயரே ஸ்விட்ச். நான் சர்வீஸில் சேர்ந்தபோது எங்கள் எக்ஸ்சேஞ்ச் ஸ்ட்ரோஜர் வகை. டயலைச் சுழற்றினால் ஒவ்வொரு எண்ணுக்கும் செலக்டர் கடகடவென்று ஏறிப் போய் உட்காரும். அதைக் கண்டுபிடித்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்தவர். 1891-ல் அதற்கு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தச் சத்தத்தில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு, கம்ப்யூட்டரிலும் ஒரு ஸ்விட்ச் எண்ணைப் பார்த்து இடத்தைத் தேடிப் போகிறது என்றால் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருக்காதா?

சங்கத்துக்காக ஒரு கணக்கு செய்து வைத்தேன். பிறந்த தேதி கொடுத்தால் வயதைக் கணித்து, கூடுதல் ஓய்வூதியம் எத்தனை சதவீதம் என்று சொல்லும். 80, 81, 82, 83, 84 என்று ஐந்து கதவுகளை அடுத்தடுத்து வைத்து, ஐந்துக்கும் சேர்த்து 20 சதவீதம். அப்புறம் 85-லிருந்து 89. இப்படியே 105 வரை இருபத்தாறு கதவு. 105-க்கு மேல் யாராவது வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டிஃபால்ட் வாசலில் "தகுதி இல்லை" என்று எழுதினேன். 80-க்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்வார்கள் என்பது என் எண்ணம்.

முதல் தவறு உடனே வந்தது. 95-லிருந்து 99 வரையுள்ள கதவுகளுக்குப் பின்னால் பிரேக் வைக்க மறந்துவிட்டேன். பிரேக் இல்லாவிட்டால் ஸ்விட்ச் நிற்காது. அடுத்த கதவு பொருந்துகிறதா என்றுகூடப் பார்க்காமல் உள்ளே புகுந்து அங்கே இருக்கிற வேலையையும் செய்துவிடும். எனவே 96 வயதுக்காரருக்கு 50 சதவீதம் என்று போட்டு, உடனே அதை அழித்து 100 என்று காட்டியது. நண்பர் ஒருவர் போன் செய்து, "எங்க அப்பாவுக்கு நூறு சதவீதமாம்லா! பேங்க்காரன் பாதிதான் குடுக்கான்" என்று சத்தம் போட்டார். இரண்டே நாளில் தவறு பிடிபட்டது, திருத்தினேன்.

பிரேக் சின்னச் சொல்தானே என்று நினைக்கக் கூடாது. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏ.டி.அண்ட்.டி. கம்பெனியின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு ஒன்பது மணி நேரம் தடுமாறியது. நியூயார்க்கில் ஓர் எக்ஸ்சேஞ்சில் ஆரம்பித்த கோளாறு, நாடு முழுவதும் இருந்த 114 எக்ஸ்சேஞ்சுகளுக்கும் பரவியது. ஒன்று விழுந்து எழுந்திருக்கும்போது அனுப்பும் தகவலே பக்கத்தில் இருப்பதை விழவைத்தது. ஏறக்குறைய பாதி அழைப்புகள் போய்ச் சேரவில்லை. தேடிப் பார்த்தபோது, ஒரு மாதத்துக்கு முன் மாற்றிய புரோகிராமில், ஸ்விட்சுக்குள் ஒரு பிரேக் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது தெரிந்தது. அது ஸி மொழியில் எழுதிய புரோகிராம். ஸி மொழி பிறந்ததே அந்தக் கம்பெனியின் பெல் ஆய்வுக்கூடத்தில்தான். ஜாவாஸ்கிரிப்ட் இந்த ஸ்விட்சையும் பிரேக்கையும் ஸி-யின் பரம்பரையிலிருந்துதான் வாங்கிக்கொண்டது. தன் வீட்டில் செய்த கத்தியே தன் கையை வெட்டிய கதை.

என் இரண்டாவது தவறுக்குப் போன் எதுவும் வரவில்லை.

பிறந்த தேதியைப் பெட்டியில் தேர்ந்தெடுப்பது பலருக்கும் சிரமமாக இருந்தது. காலண்டரை 1940 வரை பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். "வயசை மட்டும் கேளுங்க சார்" என்றார்கள். சரி என்று தேதியை எடுத்துவிட்டு, வயதைத் தட்டச்சு செய்கிற ஒரு பெட்டி வைத்தேன். ஸ்விட்சில் கை வைக்கவில்லை. என் வயது 69 போட்டுப் பார்த்தேன். "தகுதி இல்லை" என்றது. சரிதான். என் மனைவியின் வயதைப் போட்டேன். "தகுதி இல்லை." அதுவும் சரிதான். திருப்தியாகச் சாப்பிடப் போய்விட்டேன்.

நடந்தது இதுதான். பெட்டியில் தட்டச்சு செய்வது எதுவானாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்து. 81 என்று போட்டாலும் அது எட்டு என்ற எழுத்தும் ஒன்று என்ற எழுத்தும்தான், எண்பத்தொன்று என்ற எண் ஆகாது. முன்பு தேதியிலிருந்து நானே கழித்துக் கணக்கிட்டபோது எண்ணாக வந்தது. இப்போது எழுத்தாக வருகிறது. ஜாவாஸ்கிரிப்டின் ஸ்விட்ச் இதில் கறார். மதிப்பு மட்டும் ஒத்துப்போனால் போதாது, வகையும் ஒத்துப்போக வேண்டும். எழுத்தான 81, எண்ணான 81-ன் கதவில் நுழையாது. ஆகவே இருபத்தாறு கதவும் மூடிக்கொண்டன. எண்பது, தொண்ணூறு, நூறு யார் வந்தாலும் நேரே டிஃபால்ட். அங்கே என் கையால் எழுதி ஒட்டிய அட்டை: தகுதி இல்லை.

இதே புரோகிராமைப் பி.எச்.பி. என்ற இன்னொரு இணைய மொழியில் எழுதியிருந்தால் ஓடியிருக்கும். அதன் ஸ்விட்ச் வகை பார்க்காது, எழுத்து 81-ஐயும் எண் 81-ஐயும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதில் வேறு தொல்லைகள் உண்டு. 2020-க்கு முன்பு பூஜ்யமும் எண் இல்லாத ஒரு வார்த்தையும் சமம் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்த மொழியானாலும் ஸ்விட்ச் எப்படி ஒப்பிடுகிறது என்று தெரியாமல் அதைத் தொடக் கூடாது. நான் தெரியாமல் தொட்டேன்.

இப்போது என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

மருமகனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, "மாமா, ஸ்விட்சே வேண்டாம். அதெல்லாம் பழைய காலம். ஒரு பட்டியல் போட்டு அதுலருந்து எடுத்துக்கோங்க. பிரேக் தொல்லையே இல்லை" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு என்று மட்டும் இருந்தால் பட்டியலே போதும். வயது மாதிரி "இதிலிருந்து இதுவரை" என்று வருகிற விஷயத்துக்கு ஸ்விட்ச் பொருந்தவே பொருந்தாது என்பதும் உண்மை. 100-க்கு மேலா, 95-க்கு மேலா, 90-க்கு மேலா என்று மேலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தால் ஐந்து கேள்வியில் முடிகிற வேலைக்கு நான் இருபத்தாறு கதவு வைத்தேன். 106 வயதில் ஒரு புண்ணியவான் வந்திருந்தால் அவருக்கும் தகுதி இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது ஸ்விட்சின் குற்றமில்லை. அளவு தெரியாமல் ஸ்பேனர் எடுத்தவன் குற்றம்.

ஆனால் ஸ்விட்சே வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுய ஓய்வூதியமா, குடும்ப ஓய்வூதியமா என்று எண்ணி முடிக்கக்கூடிய நாலைந்து வகைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வேலை என்றால், அதைவிடத் தெளிவாக எழுத வழியில்லை. எனக்குப் பிறகு சங்கத்தில் இதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் என்னைப் போல அறுபதைத் தாண்டிய ஒருவராகத்தான் இருப்பார். மேலிருந்து கீழே படித்தால் அவருக்குப் புரிய வேண்டும். ஸ்விட்ச் படித்தால் புரியும்.

பிரேக் மறப்பதற்கும் வகை மாறுவதற்கும் மருந்து உண்டு. ஒவ்வொரு கதவையும் எழுதும்போதே முதலில் பிரேக்கை வைத்துவிட்டு அப்புறம் நடுவில் வேலையை எழுது. வேண்டுமென்றே பிரேக் இல்லாமல் விட்டால், அடுத்து வருகிறவருக்காக அங்கே ஒரு வரிக் குறிப்பு எழுதி வை. வெளியிலிருந்து வருவதை ஸ்விட்சுக்குள் விடுமுன் எண்ணாக மாற்று. மாற்றும்போதும் கவனம் வேண்டும். "81 வயசு" என்று யாராவது போட்டால் எண் இல்லை என்று வரும். பெட்டியை வெறுமனே விட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் 80-க்குக் கீழேதானே, மறுபடியும் தகுதி இல்லை. ஆகவே வெறும் பெட்டியை முதலிலேயே பிடித்துக் கேட்டுவிட வேண்டும். இவை எல்லாம் பழகினால் வந்துவிடும்.

என்னை உறுத்துவது டிஃபால்ட்.

எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நீங்கள் டயல் செய்த எண்ணில் ஆள் பேசிக்கொண்டிருந்தால் ஒரு டோன். அப்படி ஒரு எண்ணே இல்லாவிட்டால் வேறு டோன், என்.யூ. டோன் என்போம். இரண்டுக்கும் இணைப்பு கிடைக்காது என்பதுதான் முடிவு. ஆனால் எங்கேஜ்டு டோன் கேட்டவர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி செய்வார். என்.யூ. டோன் கேட்டவர் எண்ணைச் சரிபார்ப்பார். இரண்டுக்கும் ஒரே டோனைப் போட்டுவிட்டால் அவர் என்ன செய்வார்? ஸ்ட்ரோஜர் காலத்திலேயே அதைப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்த எக்ஸ்சேஞ்சிலேயே வளர்ந்த நான், "உங்களுக்கு வயது போதாது" என்பதற்கும் "நீங்கள் எழுதியது எனக்குப் புரியவில்லை" என்பதற்கும் ஒரே டோன் போட்டேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருஷ ஆபீஸ் பழக்கம்தான். எந்த விதியிலும் அடங்காத ஒரு விண்ணப்பம் மேசைக்கு வந்தால் நம் கை தானாக என்ன எழுதும்? "விதிகளில் இடமில்லை." விதி எனக்குத் தெரியவில்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று எழுத மாட்டோம். அப்படி எழுதினால் வேலை நம் மேசையிலேயே நிற்கும். இல்லை என்று எழுதினால் விண்ணப்பம் நகர்ந்துவிடும். வந்தவரும் போய்விடுவார்.

அதிகமாகக் காட்டிய தவறு இரண்டு நாளில் பிடிபட்டது. இல்லை என்று காட்டிய தவறு மாதக் கணக்கில் அப்படியே கிடந்தது. கிடைக்காததைக் கிடைக்கும் என்று சொன்னால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். கிடைக்க வேண்டியதை இல்லை என்று சொன்னால், அதுவும் எண்பது வயதில் தனியாக இருக்கிற ஒரு பெண்ணிடம் சொன்னால், சரி என்று போய்விடுவார்கள். அதனால் டிஃபால்ட் வாசலில் இல்லை என்ற பதிலை வைக்கவே கூடாது என்பது என் கட்சி. இல்லை என்பது ஒரு முடிவு. அதற்கென்று தனிக் கதவு வைத்து, காரணம் பார்த்து, அங்கே சொல்ல வேண்டும். டிஃபால்ட்டில் நிற்க வேண்டியது "எனக்குத் தெரியவில்லை, இன்னாரிடம் கேளுங்கள்" என்பது மட்டும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பி.எச்.பி. மொழியை வளர்ப்பவர்கள் 2020 நவம்பரில் எட்டாவது பதிப்பில் மேட்ச் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் பிரேக் வேண்டாம், அடுத்த கதவுக்குள் வழுக்கி விழாது. வகையையும் கறாராகப் பார்க்கும். எந்தக் கதவும் பொருந்தாமல், டிஃபால்ட்டும் வைக்காமல் இருந்தால் சும்மா போகாது, பிழை என்று கூச்சல் போட்டு நின்றுவிடும். புரியாதபோது மௌனமாகப் போகாதே என்பதை அவர்கள் மொழியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

மருமகன் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். "எல்லாத்துக்கும் தெரியலைன்னு சொன்னா, உங்க புரோகிராமை யார் மாமா நம்புவா?" யோசிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் மதினி என் புரோகிராமை முழுசாக நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரை எட்டு மாதம் வீட்டில் உட்கார வைத்தது.

மதினியின் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 12,000 ரூபாய். அதில் 20 சதவீதம் 2,400. எட்டு மாதத்துக்கு 19,200, அதன் மேல் அகவிலைப்படி. அன்றைக்கே ஆதாரும் பான் கார்டும் நகல் எடுத்து, நானே கூட்டிக்கொண்டு போய் மனு கொடுத்தேன். பொங்கல் கழிந்து நிலுவையோடு வந்துவிட்டது. அவருக்கு நஷ்டம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்த எட்டு மாதத்தில் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புரோகிராமைத் திரும்ப எழுதினேன். வயதுக்கு ஸ்விட்ச் இல்லை, மேலிருந்து ஐந்து கேள்விகள். ஓய்வூதிய வகைக்கு மட்டும் ஸ்விட்ச், ஒவ்வொரு கதவிலும் பிரேக். 80-க்குக் கீழே என்றால் எந்த மாதத்திலிருந்து கிடைக்கும் என்று சொல்லும். புரியாவிட்டால், "நீங்கள் எழுதியது எனக்குப் புரியவில்லை. தகுதி இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சங்கத்துக்குப் போன் செய்யுங்கள்" என்று சொல்லும். இப்போது சோதிக்கும்போது என் வயதைப் போடுவதில்லை. 79, 80, 84, 85, 100, 106, வெறும் பெட்டி, "எண்பத்தொண்ணு" என்ற எழுத்து, எல்லாம் போட்டுப் பார்க்கிறேன்.

மாதத்தில் ஏழெட்டுப் போன் வருகிறது. பெரும்பாலும் கண்ணாடி இல்லாமல் தட்டியவர்கள். பேசிவிட்டு வைக்கிறேன். உங்கள் வீட்டில் 80 நிறைந்த யாராவது இருந்தால், குறிப்பாகக் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் இருந்தால், இந்த மாதப் பாஸ்புக்கை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கூடுதல் வரவில்லை என்றால் நேரில் போய்க் கேளுங்கள். கம்ப்யூட்டர் இல்லை என்றாலும் கேளுங்கள்.